ஃபைல் ஹிஸ்டரி: மூன்று வருஷம் பயன்படுத்தியவளின் குறிப்பு

மாசக் கடைசி. 140 பேர் சம்பளப் பட்டியல் என் கையில். யாருக்கு அதிகம் போகிறது என்று பார்க்கலாமே என்று நிகரச் சம்பளப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தும் ஸார்ட் கொடுத்தேன். பக்கத்துப் பத்திகளையும் சேர்த்துக்கொள்ளவா என்று எக்செல் கேட்கத்தான் செய்தது. கிளம்பும் அவசரத்தில் வேண்டாம் என்று தட்டிவிட்டு, சேமித்து, மூடிவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் காலையில் திறந்தால் டிரைவருக்கு மேனேஜர் சம்பளம். மேனேஜருக்கு, மாச நடுவில் சேர்ந்த பயிற்சிப் பையனின் பாதி மாசச் சம்பளம்.

ஃபைலை மூடியாகிவிட்டதால் அன்டூ கிடையாது. சர்வரில் தினமும் ராத்திரி எடுக்கும் நகல் இருக்கிறதே என்று ஓடினேன். இருந்தது. ராத்திரியே கடமை தவறாமல் நல்ல ஃபைலின் மேல் என் சொதப்பலை எழுதி வைத்திருந்தது. எங்கள் ஆபீஸில் அதற்குப் பெயர் பேக்கப். உள்ளதை உள்ளபடி காட்டும் கண்ணாடிக்கு நேற்றைய முகம் எப்படி ஞாபகமிருக்கும்?

காப்பாற்றியது விண்டோஸுக்குள்ளேயே சும்மா கிடக்கும் ஃபைல் ஹிஸ்டரி. 2012-இல் விண்டோஸ் 8 உடன் வந்தது. தனியாக எதையும் வாங்கி நிறுவ வேண்டாம். ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகி, கண்ட்ரோல் பேனலில் போய் ஆன் செய்தால் போதும். மணிக்கு ஒருதரம், மாறிய ஃபைல்களை மட்டும் தேடிப் பிடித்து நகல் எடுக்கும். பழையதன் மேல் எழுதாது, பக்கத்தில் இன்னொன்றாக வைக்கும். விஷயமே அதில்தான் இருக்கிறது.

அன்று செய்தது இவ்வளவுதான். ஃபைலின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ். தேதி, நேரத்தோடு ஒரு பட்டியல் வந்தது. நான் குளறுபடி செய்வதற்கு முக்கால் மணி நேரம் முந்தைய பிரதியை ஓப்பன் கொடுத்துப் பார்த்தேன். டிரைவர் டிரைவராகவே இருந்தார். ரிஸ்டோர் பட்டனை நேராக அமுக்கவில்லை. அதன் பக்கத்திலிருக்கும் சின்ன அம்புக்குறியில் 'ரிஸ்டோர் டு' என்று ஒன்று உண்டு. அதை வைத்து வேறு ஃபோல்டரில் இறக்கினேன். நேராக அமுக்கினால் இப்போதைய ஃபைல் இருந்த இடத்தில் பழையது வந்து உட்கார்ந்துவிடும், பழையதிலும் கோளாறு என்றால் அழக்கூட முடியாது. அந்த முக்கால் மணி நேர வேலை மட்டும் போச்சு. மூன்று ஓவர்டைம் பதிவுகள். திரும்ப அடித்தேன். அதன் பிறகு இடைவெளியை 15 நிமிஷமாகக் குறைத்து வைத்துக்கொண்டேன்.

இன்னொரு பிடித்த விஷயம்: டிஸ்க்குக்குள் போய்ப் பார்த்தால் நகல்கள் சாதாரண ஃபைல்களாகவே கிடக்கும். என் கம்ப்யூட்டர் செத்தாலும் டிஸ்க்கை வேறொன்றில் செருகித் திறக்கலாம். ஒவ்வொரு பெயரின் வாலிலும் தேதியும் மணியும் ஒட்டியிருக்கும். அந்த மணி யுடிசி, அதாவது உலகப் பொது நேரம்; நம் சுவர்க்கடிகாரத்தோடு பொருந்தாது. முதல்தடவை பார்த்தபோது, ஆபீஸே திறக்காத நேரத்தில் யார் வந்து ஃபைலைத் தொட்டது என்று கொஞ்ச நேரம் எல்லோரையும் சந்தேகப்பட்டேன்.

இனி, கவனிக்க வேண்டியவை. இது கம்ப்யூட்டர் முழுவதையும் எடுக்காது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் மாதிரி சில இடங்கள்தான் கணக்கு. நான் முதல் ஐந்து மாசம் சம்பள ஃபோல்டரை டி டிரைவில் தனியாக வைத்துக்கொண்டு, எல்லாம் பத்திரம் என்று நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் எதற்கோ தேடினால் டிஸ்க்கில் அந்த ஃபோல்டரே இல்லை. படிக்காமல் ஆன் செய்த என் தப்பு. விண்டோஸ் 11-இல் அப்படிப்பட்ட ஃபோல்டரை ஏதாவது ஒரு லைப்ரரியில் (பல ஃபோல்டர்களை ஒன்றாகக் காட்டும் விண்டோஸின் தொகுப்பு) சேர்த்தால்தான் அது கண்ணில் படும்.

மாறியது ஒரே ஒரு வரி என்றாலும் முழு ஃபைலையும் மறுபடி நகல் எடுக்கும். எக்செல்லுக்குப் பரவாயில்லை. வீடியோ, பெரிய டிசைன் ஃபைல் வைத்து வேலை செய்பவர்களுக்கு டிஸ்க் சீக்கிரம் நிறைந்துவிடும். பழைய பிரதிகளை எவ்வளவு நாள் வைப்பது என்ற அமைப்பு 'என்றென்றும்' என்று இருக்கும். நான் ஒரு வருஷம் என்று மாற்றியிருக்கிறேன். டிஸ்க்கைக் கழற்றி வைத்தால் அதில் புது நகல் சேராது, செருகியே வைத்தால் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வரும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். இந்த இழுபறிக்கு ஃபைல் ஹிஸ்டரியிடம் பதில் இல்லை. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் சம்பள ஃபோல்டரை இன்னொரு டிஸ்க்குக்கு நானே நகலெடுத்து, அதை வீட்டு அலமாரியில் வைக்கிறேன். சம்பள விவரம் என்பதால் அதற்குப் பாஸ்வேர்டு பூட்டும் உண்டு.

கூடவே, மாசம் ஒருநாள் ஏதாவது பழைய பிரதியைத் திறந்து பார்ப்பேன். பக்கத்து சீட்காரருக்கு இது வேடிக்கை. ஆனால் நகல் இருக்கிறது என்று நம்பிச் சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் கோடுகளைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் கம்பெனியில் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். வழக்கமாக எடுக்கவேண்டிய நகல் எடுக்கப்படவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. தோல்வி என்று சொல்லவேண்டிய மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. வேறு வேலைக்காகக் கையால் எடுத்த ஆறு மணி நேரப் பழைய பிரதி ஒன்று கிடைத்ததால் பிழைத்தார்கள். கம்ப்யூட்டரே தொழிலாக இருப்பவர்களுக்கே அந்த நிலைமை.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஃபோல்டர் சேர்க்கும் வழியை அவ்வளவு உள்ளே ஒளித்து வைத்ததற்கு ஒன்று கட். போன வாரம் அதே பக்கத்து சீட்காரர் வந்து, "அக்கா, அந்த டிஸ்க்கில் என் ஃபைலும் இருக்குமா?" என்றார். இல்லை. அவர் கம்ப்யூட்டரில் ஃபைல் ஹிஸ்டரி ஆஃப்பில்தான் இருந்தது.