பிளாஸ்டிக் பரண் தரை: மழைக்காலச் செம்மறிக் கொட்டிலுக்கு வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் ஆடு படுக்க உயரத்தில் மாட்டும், இடைவெளி விட்ட இந்தப் பலகையை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு, சொறியும் குளம்பு அழுகலும் தானாகப் போய்விடும் என்று இருந்தால் காசு தண்டம். விற்பவர் காட்டும் படங்களில் எல்லா ஆடும் வெயிலில்தான் நிற்கிறது. மாதவரம், மணலி, மீஞ்சூர், பொன்னேரி பக்கத்துக் கொட்டிலுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. சென்னையில் வருஷத்துக்குப் பெய்யும் சுமார் 1,400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. பள்ளமான மண் தரைக் கொட்டிலில் அந்த மூன்று மாசமும் ஆடு படுப்பது மூத்திரச் சேற்றில்தான்.

இந்தப் பக்கம் அதிகம் இருப்பது சென்னைச் சிவப்பு. அது முடி ஆடு, கம்பளி ஆடு இல்லை. மெரினோ போன்ற கம்பளி ஆட்டில் முதுகு ஒரு வாரம் விடாமல் நனைந்தால் ரோமத்தின் அடியில் பாக்டீரியா பெருகி, கம்பளி பச்சையும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக ஒட்டிக்கொள்ளும். நம் ஆட்டுக்கு அந்தத் தொல்லை குறைவு. மழை விட்டுக் காற்றடித்தால் முதுகு சீக்கிரம் காய்ந்துவிடும். காயாத இடம் அடிவயிறு, மடி, தொடை இடுக்கு, குளம்பின் விரலிடுக்கு. ராத்திரி முழுக்க அது ஈரத் தரையில் அழுந்திக் கிடந்தால் தோல் ஊறி மேல்தோல் இளகிவிடும். அதற்குப் பிறகு கிருமிக்குக் காயம்கூடத் தேவையில்லை. காது, மூக்கு, முதுகில் தடித்த பொருக்கு கட்டி, பிடுங்கினால் முடிக்கற்றை பெயிண்ட் பிரஷ் போல அடியில் பொருக்கோடு வருகிறதா? அது பெரும்பாலும் டெர்மட்டோஃபிலஸ். காளான் என்று நினைத்துப் படர்தாமரைக் களிம்பு தடவுவது வீண், அது பாக்டீரியா. கையுறை போட்டுத் தொடுங்கள், மனிதருக்கும் ஒட்டும். ஊசி என்ன, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

ஆக, பரண் செய்யும் வேலை ஒன்றே ஒன்று: படுக்கும் இடத்தை ஈரத்திலிருந்து பிரிப்பது. அந்த வேலையைப் பிளாஸ்டிக் நன்றாகவே செய்கிறது. பழைய மரச் சட்டப் பரண் மூத்திரத்தைக் குடித்து ஊதும். கார்த்திகை மழையில் ஊதிய சட்டங்களுக்கு நடுவே இடைவெளி குறுகி, புழுக்கை கீழே விழாமல் மேலேயே அப்பிக்கொள்ளும். வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் கிடைத்தால் அது விதிவிலக்கு, பிளாஸ்டிக்கைத் தேடிப் போக வேண்டியதில்லை. கிடைப்பதுதான் கஷ்டம்.

பலகையில் பார்க்க வேண்டியது முதலில் இடைவெளி. 15 முதல் 18 மி.மீ. வரை இருந்தால் செம்மறிக்குச் சரி. 20-ஐத் தாண்டினால் பிறந்த குட்டியின் குளம்பு சிக்கி முழங்கால் பிசகும். 12-க்குக் கீழே போனால் மழைக்காலத்து இளகிய சாணம் இறங்காது. அளவுகோல் எடுத்துப்போய் அளந்து பாருங்கள், அட்டையில் அச்சடித்ததை நம்ப வேண்டாம். அடுத்து, பலகையைத் திருப்பிக் கீழே விலா போன்ற வரம்புகளைப் பாருங்கள். அவை ஆழமாகவும் நெருக்கமாகவும் இருக்க வேண்டும். இரண்டு கட்டை மேல் வைத்து நடுவில் ஒரு ஆள் குதிகாலால் ஏறி நின்றால் லேசாக வளையலாம், முறுகும் சத்தம் வரக்கூடாது. மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் செய்த கறுப்புப் பலகை விலை குறைவு. ஆனால் வெயில் படும் ஓரத்தில் வெளிறி, நொறுங்க ஆரம்பிக்கும். மேல்பரப்பில் சொரசொரப்பான புள்ளியோ கோடோ இல்லாத வழவழப்புப் பலகை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஈரக்காலோடு ஏறும் சினை ஆடு வழுக்கி விழுந்தால் குட்டி வீசிவிடும். விலை விசாரிக்கும்போது ஒரு பலகை எவ்வளவு என்று கேட்காமல் சதுர அடி எவ்வளவு, பலகை எத்தனை கிலோ என்று கேளுங்கள். அளவு ஒவ்வொரு கடையிலும் வேறு, எடையைப் பார்த்தால்தான் தடிமன் தெரியும்.

எத்தனை பலகை? பெட்டை ஆட்டுக்குத் தலைக்கு 10 சதுர அடி, கிடாவுக்கு 15 முதல் 20, குட்டிக்கு 4 முதல் 5. 20 பெட்டை, ஒரு கிடா, 15 குட்டி இருந்தால் 300 சதுர அடி வரை வரும். நெருக்கி அடைத்தால் தரை எவ்வளவு உலர்ந்தாலும் ஆட்டின் மூச்சு ஈரமே கொட்டிலை நனைத்துவிடும். பேனும் சொறி உண்ணியும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகும்.

பலகையைவிடச் சட்டத்தில்தான் ஏமாற்று அதிகம். பலகையின் இரண்டு ஓரமும் நடுவும், ஆக மூன்று இடத்தில் தாங்கு வேண்டும். நடுத் தாங்கலை விட்டுச் செலவைக் குறைப்பவர் வேலையில் முதல் மழைக்காலத்திலேயே பலகை தொய்ந்து பூட்டு கழன்றுவிடும். எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் கடல் காற்றின் உப்பும், கீழிருந்து எழும் மூத்திர அம்மோனியாவும் சேர்ந்து இரும்பை இரண்டு பக்கமும் தின்னும். பெயிண்ட் அடித்த சாதா இரும்புக் குழாய் அங்கே நிற்காது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் வாங்கி, வெல்டிங் வைத்த ஒவ்வொரு முட்டியிலும் துத்தநாகப் பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். வெல்டிங் சூட்டில் பூச்சு எரிந்துபோகும் இடமும் துரு தொடங்கும் இடமும் அதுதான். மண்ணடி இரும்புக் கடைகளில் குழாயின் கனத்தை எடை போட்டுப் பார்த்து வாங்கலாம்.

உயரம் குறைந்தது 4 அடி. கீழே ஆள் குனிந்து மண்வெட்டி போட முடியாத பரணில் எரு அள்ளாமலே கிடக்கும். வெள்ளம் தேங்கும் இடத்தில், தண்ணீர் எட்டிய குறியைச் சுவரில் பார்த்து, அதிலிருந்து இரண்டு அடியாவது கூட்டுங்கள். சாய்வுப் பாதைக்கு ஒரு அடி உயரத்துக்கு மூன்று அடி நீளம், அதாவது 4 அடிப் பரணுக்கு 12 அடி. இதைச் செங்குத்தாக வைத்துவிட்டு ஆடு ஏறமாட்டேன் என்கிறது என்று புலம்புவது வழக்கமாகிவிட்டது.

இனி, யாரும் விற்காத பொருளான காற்று. வடகிழக்குப் பருவமழையின் சாரல் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடிக்கும். அந்த இரண்டு பக்கமும் தார்ப்பாய் கட்டுங்கள், ஆனால் கூரை வரை மூடாமல் மேலே ஒன்றரை அடி விட்டுவிடுங்கள். தெற்கும் மேற்கும் திறந்தே இருக்கட்டும். நான்கு பக்கமும் மூடினால் அம்மோனியா கண்ணை எரிக்கும், ஆடு இருமும், தோல் காயவே காயாது. உள்ளே போய் ஆட்டின் உயரத்துக்குக் குனிந்து இரண்டு நிமிஷம் நில்லுங்கள். கண்ணில் தண்ணீர் வந்தால் தார்ப்பாயை இறக்குங்கள். சாரல் பரணுக்கு அடியிலும் புகும். பிறந்து இரண்டு வாரம் ஆகாத குட்டிகளுக்கு ஒரு மூலையில் கோணி விரியுங்கள். அதைத் தினம் மாற்றிக் காயப்போட முடியாவிட்டால் விரிக்காமல் இருப்பதே நல்லது. ஈரக் கோணி மண் தரையைவிட மோசம்.

பிளாஸ்டிக் என்றதும் எல்லோரும் குழாய் எடுத்துத் தினமும் கழுவுகிறார்கள். மழைக்காலத்தில் அது தவறு. காலையில் ஆடு இறங்கியதும் தென்னை விளக்குமாற்றால் உலர்வாகப் பெருக்கி, ஒட்டியதைச் சுரண்டிவிடுங்கள். தண்ணீர் ஊற்றுவது வெயில் அடிக்கும் நாளில் மட்டும், அதுவும் காலையில். மழைக்குத் துளிர்த்த இளம் புல்லை வயிறு முட்ட மேய்ந்தால் சாணம் கஞ்சியாகி இடைவெளியை அடைக்கும். மேய்ச்சலுக்கு விடும் முன் கடலைக்கொடியோ வைக்கோலோ கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பரணுக்குக் கீழே இருப்பதை மறந்தவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். கூரைத் தண்ணீர் அடியில் புகுந்து எருவோடு கலந்தால், அந்த ஈரச் சாணம் கியூலிகாய்ட்ஸ் என்ற, கொசு போன்ற பொடிப் பூச்சிக்குப் பிறப்பிடம். நீலநாக்கு நோயைப் பரப்புவது அதுதான். தமிழ்நாட்டில் அந்த நோய் தலைதூக்குவதும் இதே பருவமழையில்தான். அடியில் சிமெண்டுச் சரிவு போட்டு, சுற்றிலும் ஓடை வெட்டி, கூரைக்குத் தூம்பு வைத்து, வாரம் ஒருமுறை எருவை அள்ளி விடுங்கள். நீற்றிய சுண்ணாம்பைத் தூவுவதானால் அடித்தரையில் மட்டும். மேலே பலகையில் தூவினால் ஊறிய மடித்தோலை அரித்துப் புண்ணாக்கும்.

நீலநாக்கைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆடு நொண்டினால் உடனே குளம்பு அழுகல் என்று முடிவு கட்டிவிடுகிறோம். விரலிடுக்கில் நாற்றத்தோடு தோல் உரிந்து, குளம்பின் அடி ஓடு கழன்று வந்தால் அது அழுகல். குளம்பும் தோலும் சேரும் விளிம்பில் சிவந்த பட்டை ஓடி, கூடவே காய்ச்சல், வீங்கிய உதடு, மூக்கில் சளி இருந்தால் நீலநாக்கைச் சந்தேகியுங்கள். அதற்குக் குளம்பை மருந்துக் கரைசலில் நனைக்கும் கால்குளியல் பலிக்காது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கோ உடனே சொல்ல வேண்டும். தடுப்பூசி மழை தொடங்கும் முன் போட வேண்டியது.

பிளாஸ்டிக் தரையின் உண்மையான குறை ஒன்று: குளம்பு தேயாது. கல்லிலும் கட்டாந்தரையிலும் நடந்தால் தேய்வது, இங்கே வளர்ந்து உள்பக்கம் மடங்கி, மடிப்பில் சாணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடங்கியதை மட்டும் சீவ வேண்டும். ரத்தம் வரும் வரை வெட்டினால் ஆறுவதற்குத்தான் நாள் பிடிக்கும்.

அதனால் பரணோடு கால்குளியல் தொட்டியையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். சாய்வுப் பாதையின் அடியில், கூரைக்குள், 6 அடி நீளம், ஒன்றரை அடி அகலத்தில் கட்டி, 3 அங்குலம் கரைசல் நிறுத்துங்கள். சுமார் 64 லிட்டர் பிடிக்கும். உரக்கடையில் வயலுக்கு விற்கும் 21 சதவீத ஜிங்க் சல்பேட் போதும், 100 லிட்டருக்கு 10 கிலோ. இந்தத் தொட்டிக்கு ஆறரை கிலோ. வெறும் கரைசல் குளம்பு இடுக்கில் சரியாக இறங்காது, கொஞ்சம் சோப்புத் தூள் கலந்தால் இறங்கும். தொட்டிக்குள் விடும் முன் சேற்றைக் கழுவிவிடுங்கள், ஆட்டுக்குத் தண்ணீரும் காட்டிவிடுங்கள். தாகத்தோடு வந்தால் கரைசலைக் குடிக்கும். நடந்து கடந்தால் தடுப்புக்கு ஆகும். அழுகல் பிடித்த ஆட்டை அரைமணி நேரம் நிறுத்த வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் உலர்ந்த பரணில் நிற்கட்டும். உடனே சேற்றில் விட்டால் போட்ட மருந்து சேற்றோடு போயிற்று. மயில்துத்தம் மலிவு என்று போடாதீர்கள். அதில் உள்ள செம்பு செம்மறிக்கு விஷம், ஜி.ஐ. குழாயையும் அரிக்கும். ஃபார்மலின் பச்சைப் புண்ணில் தீயாக எரியும், ஒருமுறை பட்ட ஆடு அடுத்த முறை தொட்டிப் பக்கமே வராது.

புழு வைத்த புண்ணுக்குப் பரண் உதவாது, ஈ எங்கும் பறக்கும். கழிச்சல் அப்பிய வால், தொடை முடியைக் கத்தரித்து வைத்தால் ஈ உட்காருவது குறையும். புழு வந்துவிட்டால் கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயை முதல் நாள் மட்டும் ஊற்றி, வெளியே வருவதை இடுக்கியால் ஒன்று விடாமல் எடுங்கள்.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை மொட்டை மாடியில் வேண்டுதலுக்கு ஒன்றிரண்டு கிடா வளர்ப்பவர்களுக்கு இவ்வளவு கட்டுமானம் வேண்டாம். ஒரு கிடாவுக்கு இரண்டடிக்கு இரண்டடிப் பலகை நான்கு எடுத்து, ஹாலோ பிளாக் மேல் ஒரு அடி உயரத்தில் மாட்டி, மேலே தகரம் போட்டால் தீர்ந்தது. ஒவ்வொரு பலகையின் நடுவிலும் ஒரு கல் இருக்கட்டும். அடியில் தேங்கும் மூத்திரம் மாடியின் மழைநீர்க் குழாய் வழியாகச் சேமிப்புத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ போகாமல் அந்தக் குழாயின் வாயை முதலில் அடைத்துவிடுங்கள்.