மாமாவின் சட்டைப் பொத்தான்

நான் லண்டனிலிருந்து வந்த மூன்றாம் நாள். பாபநாசம் பக்கத்தில் எங்கள் ஊர். காலை 6.15 மணிக்குத் திண்ணையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாமா, "மாப்பிள்ளை, இடது கன்னம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது" என்றார். சொல் குழறியது. பக்கவாதம் என்று எனக்குப் பட்டது. அத்தை சுக்குக் கஷாயம் போடக் கிளம்பினார். வாய்வழி எதுவும் வேண்டாம் என்று தடுத்து, 108-க்குக் காத்திராமல் பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றினேன்.

முதல் தவறு என்னுடையது. வழியில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் நிறுத்தச் சொன்னேன். அங்கே ஸ்கேன் கருவியே இல்லை. அதைச் சொல்லாமல் ஈசிஜி, சர்க்கரைப் பரிசோதனை, முன்பணம் என்று அரை மணி நேரத்தைத் தின்றுவிட்டார்கள். "சிடி ஸ்கேன் இருக்கிறதா?" என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும்.

தஞ்சாவூரில் நிலைமை வேறு. 7.50-க்குள் உள்ளே போனோம், 8.10-க்கு ஸ்கேன் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக் கசிவு இல்லை, அப்படியென்றால் ரத்தக்கட்டி அடைத்ததுதான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், 10.45 வரை அவகாசம் இருந்தது. "போட்டுவிடுங்கள் டாக்டர், பணம் பிரச்சினை இல்லை" என்றேன், வெளிநாட்டிலிருந்து வந்தவனின் தோரணையோடு.

அந்த இளம் நரம்பியல் மருத்துவர் என்னைக் கவனித்ததாகவே தெரியவில்லை. மாமாவின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றி மாட்டச் சொன்னார். கையெழுத்துப் போடவும் எழுந்து பத்தடி நடக்கவும் வைத்தார். ஒரு படத்தைக் காட்டி, என்ன நடக்கிறது என்று கேட்டார். மாமா குழறலோடு, ஆனால் முழு வாக்கியமாகச் சொன்னார். பக்கவாதத்தின் கடுமையை அளக்கும் அட்டவணையில் அவருக்கு 2 மதிப்பெண். ஐந்து வரை லேசானது.

"அவருடைய அன்றாட வாழ்க்கை எதுவும் நிற்கவில்லை சார். ஊசி வேண்டாம்."

செலவுக்குப் பயந்தோ வசதியில்லாமலோ தட்டிக்கழிக்கிறார் என்றுதான் நினைத்தேன். "லண்டனில் போட்டிருப்பார்கள்" என்று வாய்விட்டே சொன்னேன். "அங்கேயும் போட மாட்டார்கள்" என்றார், குரல் உயராமல்.

அடுத்த கட்டிலில் மினி பஸ் ஓட்டுநர் ஒருவர். அவருக்கும் அதே 2 மதிப்பெண்தான். கை கால் நன்றாக இருந்தன. ஆனால் பார்வையில் வலது பாதி மறைந்துபோயிருந்தது. அவருக்கு ஊசி ஏறிக்கொண்டிருந்தது. மதிப்பெண்ணைவிட, எது பறிபோயிருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள் என்று அங்கேதான் எனக்கு உறைத்தது.

இரவு வார்டு வாசலில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். அன்றாட வாழ்க்கையை முடக்காத லேசான பக்கவாதத்தில் இந்த ஊசியையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2018-இல் வெளியானது. பாதியில் நிறுத்தப்பட்டதால் 313 பேரோடு முடிந்த ஆய்வுதான். ஊசி போட்டவர்களில் 78 விழுக்காட்டினரும் ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 81.5 விழுக்காட்டினரும் நன்றாகத் தேறியிருந்தார்கள். அறிகுறியோடு கூடிய மூளை ரத்தக் கசிவு ஊசிப் பக்கம் 3.2 விழுக்காடு, மறுபக்கம் ஒருவருக்கும் இல்லை. 2023-இல் வந்த சீன ஆய்வில் ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ஆகிய இரண்டு மாத்திரைகளும் சேர்ந்து ஊசிக்குக் குறையாத பலன் தந்தன.

மாமாவுக்கும் அந்த இரண்டு மாத்திரைகள்தான், 21 நாளைக்கு. அதன் பிறகு ஒன்று மட்டும். கொடுப்பதற்கு முன் ஒரு கரண்டித் தண்ணீர் கொடுத்து, புரையேறாமல் விழுங்குகிறாரா என்று செவிலியர் பார்த்தார். நிலைமை மோசமானால் முடிவை மறுபடி யோசிப்போம் என்று சொல்லி, முதல் சில மணி நேரம் அடிக்கடி வந்து கையைத் தூக்கச் சொன்னார்கள். "தூக்கித் தூக்கியே கை வலிக்கிறது" என்று மாமா முனகினார்.

ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. ஓட்டுநரின் மனைவிக்கு ஒரு செவிலியர் வரிவரியாகத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கையில். அதைத் தமிழிலேயே அச்சிட்டு வைத்தால் என்ன?

மருத்துவமனையில் சேர்த்த நான்காம் நாள் வீடு திரும்பினோம். பேச்சு தெளிந்துவிட்டது. காபி டம்ளரின் சூடுதான் இடது விரல்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லையாம். வலது கைக்கு மாற்றிக்கொள்கிறார்.