காலையில் காட்டி விற்ற ஜன்னல் ஸ்கிரீன்: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

ஜீப்ரா பிளைண்ட்ஸ் (பட்டை பட்டையான ஜன்னல் ஸ்கிரீன்), ஒன்வே ஃபிலிம் (ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுகிற, ஒரு பக்கம் மட்டும் தெரியும் என்று சொல்லி விற்கிற தாள்) என்று சாம்பிள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஆள் வந்தால், இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். இரண்டையும் வாங்கி எனக்கு 13,470 ரூபாய் போனது. அதைவிட, என் அம்மா ஆறு நாள் வெளியே எல்லோருக்கும் தெரியும்படி புடவை மாற்றியிருக்கிறார், அது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

எங்கள் வீடு திருவொற்றியூர் தேரடி பக்கம், இரண்டாவது மாடி. ஹாலுக்கு இரண்டு ஜன்னல். மேற்கு ஜன்னல் ஹைரோட்டைப் பார்த்தது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ விட்டதிலிருந்து ரயில் கிட்டத்தட்ட நம் கண் மட்டத்தில்தான் போகிறது, ஜன்னலோரம் நிற்பவர் முகம்கூடத் தெரியும், அப்படியென்றால் நாமும் அவர்களுக்குத் தெரிவோம். கிழக்கு ஜன்னல் சந்துப் பக்கம், எதிர்வீடு கூப்பிடு தூரம்கூட இல்லை, ஆனால் மதியத்துக்கு மேல் கடற்காற்று வருவது அந்த வழியாகத்தான். அம்மாவின் கட்டில் அங்கேதான். இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது, பேப்பர் படிக்க வெளிச்சம் வேண்டும், படுத்தபடியே கோயில் கோபுரத்தின் உச்சியைப் பார்க்க வேண்டும், காற்று வேண்டும், யாரும் உள்ளே பார்க்கவும் கூடாது. பழைய ஸ்கிரீனை இழுத்து மூடினால் ஹால் இருட்டு, திறந்தால் தெருவே உள்ளே வந்த மாதிரி. இதை அப்படியே சாம்பிள் புத்தகத்தோடு வந்த ஆளிடம் சொன்னேன்.

அவர் வந்தது காலை பதினொரு மணிக்கு. வெயில் பளீரென்று அடிக்கிற நேரம். ஒரு துண்டு ஃபிலிமை மேற்கு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டு என்னைக் கீழே ரோட்டுக்குக் கூட்டிப்போய் நிமிர்ந்து பார்க்கச் சொன்னார். உண்மையிலேயே முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. "பாத்தீங்களாக்கா, உள்ள இருந்து உங்களுக்கு எல்லாம் தெரியும், வெளிய இருந்து ஒண்ணுமே தெரியாது" என்றார். "ராத்திரியிலும் இப்படித்தானே?" என்று கேட்டேன். நான் கேட்டேன் என்பதை அழுத்திச் சொல்கிறேன். "இருபத்து நாலு மணி நேரமும்க்கா" என்றார்.

அது பொய். அந்த ஃபிலிமுக்கு எந்தப் பக்கம் வீடு, எந்தப் பக்கம் தெரு என்றெல்லாம் தெரியாது. விழுகிற வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும், மிச்சத்தை இரண்டு பக்கமும் விடும், அவ்வளவுதான். வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் நிற்பவருக்கு அது கண்ணாடி, இருட்டில் நிற்பவருக்கு அது வெறும் ஜன்னல். பகலில் தெருவில் வெளிச்சம் அதிகம், அதனால் நாம் தப்பித்தோம். சாயந்திரம் ஹாலில் ட்யூப்லைட் போட்டதும் அப்படியே தலைகீழ்: நமக்கு நம் முகமே தெரியும், வெளியே இருப்பவருக்கு நம் வீடு முழுக்கத் தெரியும். நெட் துணி ஸ்கிரீன், பொடி ஓட்டை போட்ட சன்ஸ்கிரீன் ரோலர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் இது தெரியாமல் இருக்காது.

இன்னொன்று, இதை நானே யோசித்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது, ஆனால் அளவெடுக்க வந்தவர் சொல்லியிருக்க வேண்டாமா? ஃபிலிம் ஒட்டுவது ஜன்னல் கதவின் கண்ணாடியில். எங்கள் வீட்டில் கதவு வெளிப்பக்கம் திறக்கும், உள்ளே கம்பி. காற்றுக்காகக் கதவைத் திறந்தால் ஃபிலிமும் கதவோடு வெளியே போய்விடும், ஜன்னல் பழையபடி திறந்த ஜன்னல்தான். ஏசி போட்டு எந்நேரமும் மூடியே வைத்திருக்கிற வீட்டுக்கு அது சரிப்படலாம். ஃபிலிம் ஒட்டிய பிறகு பகலிலேயே ஹால் மங்கிப்போய், அம்மா பேப்பர் படிக்க மத்தியானமே லைட் போட ஆரம்பித்தார். மழை மூட்டமான நாளில் மத்தியானம் லைட் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏழாம் நாள்தான் எதிர்வீட்டுப் பெண் மாடிப்படியில் என்னை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க, ராத்திரியில உங்க ஹால் அப்படியே தெரியுது, அம்மா துணி மாத்துறப்போ நான் எங்க ஜன்னலைச் சாத்திடுறேன்" என்றாள். அந்தப் பெண் சொல்லியிருக்காவிட்டால் இன்னும் எத்தனை நாளோ. அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. அன்று ராத்திரியே பெட்ஷீட்டை மடித்துக் கம்பியில் கட்டினேன்.

உங்களிடம் பிளைண்ட்ஸும் இருந்ததே, அதை மூட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஜீப்ராவில் ஒரு பட்டை துணி, ஒரு பட்டை நெட் என்று மாறி மாறி வரும். துணிப் பட்டைகளை வரிசையாகச் சேர்த்தால் மறைக்கும். சாம்பிள் புத்தகத்தில் அந்தத் துணிக்குப் பின்னால் நான் கையை வைத்துப் பார்த்தேன், நிழல்கூட விழவில்லை. மாட்டிவிட்டுப் போனதற்குப் பின்னால் கை வைத்தால் ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிகிறது, மோதிரம் உட்பட. அதே நிறம், அதே டிசைன், பாதி கனம். பில்லில் "ஜீப்ரா 51 அடி" என்று மட்டும்தான் எழுதியிருந்தது, துணியின் நம்பர் இல்லை. சாம்பிளை நான் போட்டோ எடுத்து வைக்கவும் இல்லை. அதனால் "நீங்க செலக்ட் பண்ணதுதானேக்கா இது" என்று அவர் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. போதாததற்கு, கடற்காற்று அடித்தால் பிளைண்ட்ஸின் அடிப்பட்டி ஜன்னல் கம்பியில் டக் டக்கென்று மோதிக்கொண்டே இருக்கும். காற்றுக்காகத் தூக்கிவிட்டால் அப்புறம் மறைப்பு எங்கே?

அந்த 51 அடி (அடி என்று சொல்வது சதுர அடியைத்தான்) கணக்கைக் கவனியுங்கள், பலர் ஏமாறுவது இங்கேதான். ஹால் ஜன்னல் ஒவ்வொன்றும் 46 அங்குல அகலம், 50 அங்குல உயரம். பெருக்கி 144-ஆல் வகுத்தால் 16 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. அவர் 46-ஐ நாலு அடி என்றும், 50-ஐ நாலரை அடி என்றும் ஏற்றிக்கொண்டு 18 போட்டார். சமையலறை ஜன்னல் இரண்டுக்கு இரண்டு, நாலு சதுர அடி. அதற்கு "மினிமம் 15 அடிக்கா". ஆக 36 அடி வேலைக்கு 51 அடி, அடிக்கு 190 ரூபாய் வீதம் 9,690. சரியாகப் போட்டிருந்தால் 6,840. ஃபிலிமுக்கு 2,680-ம், மாட்டுகிற கூலி, டிரில் கூலி என்று 1,100-ம் தனி. "அடிக்கு 190தான்" என்று விலையைக் குறைவாகச் சொல்வார்கள், அடியை ஏற்றிவிடுவார்கள். ரேட் கேட்காதீர்கள், உங்கள் ஜன்னலுக்கு மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள், மினிமம் உண்டா என்பதை முதலிலேயே கேளுங்கள். சமையலறையில் துணி பிளைண்ட்ஸ் போட்டதே தப்பு, தாளிப்புப் புகை ஏறி இரண்டு மாதத்தில் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. மாட்டின ஸ்க்ரூ எல்லாம் சாதா இரும்பு, எங்கள் உப்புக் காற்றில் நாலே மாதத்தில் துரு வடிந்து வெள்ளைப் பட்டியில் கோடு விழுந்திருக்கிறது. காசிமேடு, எண்ணூர் என்று கடலோரம் இருப்பவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ வேண்டும் என்று சொல்லியே வாங்குங்கள்.

திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "அளவுக்கு வெட்டினது, ரிட்டர்ன் கிடையாது" என்றார், அப்புறம் போனே எடுக்கவில்லை. ஜிஎஸ்டி பில் வேண்டுமென்றால் தனியாக ஆகும் என்று முதலில் அவர் சொன்னதற்கு நானும் சரி என்று துண்டுச் சீட்டோடு விட்டுவிட்டேன், அது என் தவறு. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணை வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பினேன். அன்று சாயந்திரமே போன் வந்தது. சமையலறை பிளைண்ட்ஸைக் கழற்றிக்கொண்டு 2,000 ரூபாய் கொடுத்தார்கள். மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவதாக இருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடம் வரை நேரமும் இருக்கிறது. துண்டுச் சீட்டாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

இப்போது என்ன செய்திருக்கிறோம் என்றால், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் வெள்ளைக் காடாத் துணி வாங்கி, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துச் சுருங்க விட்டு, தெரு டெய்லரிடம் தைத்தோம். ஜன்னலின் பாதி உயரத்தில் ஒரு கம்பி, அதற்குக் கீழே மட்டும் இந்தத் துணி, ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு வைத்ததால் மடிப்பு விழுந்து நன்றாக மறைக்கிறது. மேல் பாதி திறந்தே இருக்கிறது. வெளிச்சம் மேலிருந்து வருகிறது, காற்றும் வருகிறது, அம்மாவுக்குக் கோபுரம் தெரிகிறது. லைட் போட்டதும் இழுத்துவிட மேலே தனியாக ஒரு கனத்த ஸ்கிரீன். இரண்டு ஜன்னலுக்கும் தையல் கூலியோடு 1,640 ரூபாய். சமையலறைக் கண்ணாடிக்கு ஃப்ராஸ்டட் ஃபிலிம், அதாவது பனி படிந்த மாதிரி மங்கலான ஃபிலிம். அது பகல், இரவு இரண்டிலும் மறைக்கும், கண்ணாடியை ஒட்டி நின்றால் மட்டும் ராத்திரியில் நிழல் தெரியும், ஆனால் நமக்கும் வெளியே எதுவும் தெரியாது.

போன வாரம் கீழ்வீட்டு அக்கா அதே ஆளுக்கு 5,000 அட்வான்ஸ் கொடுக்கப் போவதாகச் சொன்னார். மேற்கு ஜன்னல் கண்ணாடியில் ஃபிலிம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்கு, மேலே இருக்கும் கனத்த ஸ்கிரீனை விலக்கி, கதவைச் சாத்தி, ஹாலில் லைட் போட்டுவிட்டு அவரைக் கீழே ரோட்டுக்குக் கூட்டிப்போனேன், அந்த ஆள் என்னை நிறுத்திய அதே இடத்துக்கு. நிமிர்ந்து பார்த்தார். ஓடுகிற ஃபேன், சுவரில் காலண்டர், பீரோ மேல் வைத்த சூட்கேஸ் வரைக்கும் தெரிந்தது. "அடிப்பாவி" என்றார். அட்வான்ஸ் கொடுக்கவில்லை.