இறுவட்டா, கோப்பா?

திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் மாமாவின் வான் வண்டியில் இன்னும் இறுவட்டு (சிடி) கருவிதான். நிலாவெளிப் பக்கம் போகும்போதெல்லாம் நான் கணினியில் பாட்டுகளைப் பதிந்து எழுதிக்கொடுத்த வட்டுகள்தான் பாடும். மேலே நீல மையில் என் கிறுக்கல். ஒரு வட்டுக்கு 80 நிமிடம், கூடிப்போனால் 17 பாட்டு. எதை விடுவது, எதை முதலில் வைப்பது என்று மல்லுக்கட்டிய மாலைகளை எந்தக் கோப்புறையும் எனக்குத் தந்ததில்லை.

தரத்தில் இறுவட்டுக்குத்தான் பெயர்: நொடிக்கு 1,411 கிலோபிட் ஒலித்தரவு. ஆனால் ஒலியில் கொஞ்சத்தை விட்டுச் சுருக்கிய, நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3 கோப்பை எடுத்து வட்டில் எழுதினால் இழந்த ஒலி திரும்பாது. அளவு மட்டும் பதினொரு மடங்கு வீங்கும். நம்மில் பலர் எழுதியவை (நானும்தான்) இப்படிப்பட்ட வட்டுகளே. தரம் குறையக் கூடாதென்றால் ஒலியை இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் (FLAC) கோப்பு போதும். இறுவட்டு ஒலியில் ஏறத்தாழப் பாதி இடம்தான் பிடிக்கும்.

ஆயுளில் வட்டு தோற்றுவிடுகிறது. வீட்டில் எழுதும் வட்டில் பாட்டுப் பதிவது மெல்லிய சாயப்படலத்தில். வெயில் அதற்கு எமன். வானின் முன்கண்ணாடியோரம் கிடந்த ஒன்றில் கடைசிப் பாட்டுகள்தான் முதலில் திக்கின. வட்டு உள்ளிருந்து வெளியே எழுதப்படுவதால், விளிம்பில் இருப்பவை அவைதான். கோப்புகளை இரண்டு இடத்தில் படியெடுத்து வைத்தால் அந்தக் கவலை இல்லை. ஒரே பென்டிரைவை நம்பினால் அதுவும் ஒருநாள் கைவிரிக்கும்.

எனக்குக் கோப்புதான். மாமாவோ அடுத்த வட்டு எப்போது என்று கேட்கிறார். என் புதிய மடிக்கணினியில் வட்டு போட வாயே இல்லை.