50 மி.மீ. எஃப்/1.8: விஸ்காம் அசைன்மென்ட்களில் நீண்ட நாள் ஓட்டிப் பார்த்ததில்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) சேருகிறவர்கள், கேமராவோடு வரும் கிட் லென்ஸுக்கு அடுத்து வாங்குவது பெரும்பாலும் கேனான் இஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம்தான். 2015-இல் வந்தது, எடை 160 கிராம், முன்பக்கம் 49 மி.மீ. ஃபில்டர் மாட்டும். பின்னணி கலங்க வேண்டும் என்பதற்காகவே வாங்குவதால், முதல் செமஸ்டர் முடியும்வரை பலரும் எஃப்/1.8-ஐ, அதாவது லென்ஸின் மிக அகன்ற திறப்பை, விட்டு நகர்வதில்லை (எஃப் எண் கூடக் கூட திறப்பு சுருங்கும்). ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய) சென்சார் உள்ள பாடியில் மாட்டி, போர்ட்ரெய்ட்டில் தொடங்கி தண்ணீர்த்துளி வரை எல்லா அசைன்மென்ட்டுக்கும் பயன்படுத்திய பிறகு என் கணிப்பு இது: எஃப்/1.8 இந்த லென்ஸின் அருமையில் கால்பங்குகூட இல்லை. அதைத் திருப்பி மாட்டலாம், பாடியிலிருந்து கழற்றிக் கையில் பிடித்தபடியே எடுக்கலாம், முன்பக்கம் அட்டை வெட்டி ஒட்டலாம். விலை கூடிய லென்ஸில் இதையெல்லாம் செய்யக் கை வராது.

போர்ட்ரெய்ட்டில் முதலில் இடிப்பது இடம். ஏபிஎஸ்-சி-யில் இது ஃபுல் ஃபிரேமில் மாட்டிய 80 மி.மீ. லென்ஸ் போல நடந்துகொள்ளும். நிற்கும் ஆளைத் தலை முதல் கால் வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க நாலரை மீட்டர் பின்னால் போக வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலில் அது நடக்காது. அங்கே அரை உருவம்தான். அதனால் 'வீட்டுக்குள் ஒரு மனிதர்' மாதிரியான அசைன்மென்ட்டுக்குக் கிட் லென்ஸையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது டெப்த். ஒரு மீட்டர் தூரத்தில் எஃப்/1.8 வைத்தால் ஷார்ப்பாக இருக்கும் பகுதி இரண்டரை செ.மீ.-தான். முகத்தைக் கொஞ்சம் திருப்பினாலே ஒரு கண் தெளிந்து மறு கண் கலங்கிவிடும். நடுப் புள்ளியில் ஃபோகஸ் பிடித்துவிட்டு கேமராவைத் திருப்பி ஃபிரேம் வைக்கும் பழக்கம் இங்கே நேரடியாகக் கெடுக்கிறது. பத்து டிகிரி திருப்பினால் ஃபோகஸ் தளம் சுமார் ஒன்றரை செ.மீ. விலகும், கையில் இருக்கும் டெப்த்தில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடுகிறது. கண் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலுள்ள ஓரப் புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். ஆள் அசையாமல் இருந்தால் லைவ் வியூவில் (பின்பக்கத் திரையில்) பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள். தொடக்க நிலை பாடிகளில் ஃபோகஸ் திருத்தும் மெனு கிடையாது. வியூஃபைண்டர் வழி ஃபோகஸ் சீராக முன்னாலோ பின்னாலோ விழுந்தால் லைவ் வியூதான் வழி. எஃப்/1.8-இல் வெள்ளை வேட்டி விளிம்பு, மல்லிகைப்பூ, கொலுசு எல்லாவற்றிலும் ஊதாவும் பச்சையுமாக நிறம் கசியும். எஃப்/2.8-க்கு இறங்கினால் பெருமளவு போய்விடும். மதிப்பெண்ணுக்குக் கொடுக்கும் படங்களை எஃப்/2.8-க்கும் 4-க்கும் நடுவில் எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

உச்சிவெயிலில் எஃப்/1.8-தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஐஎஸ்ஓ 100-லும் ஷட்டர் 1/8000 வரை போக வேண்டும். தொடக்க நிலை பாடிகள் 1/4000-இல் நின்றுவிடும். மெரினா மணலில் எடுத்த முகங்கள் வெளுத்துப்போவதற்குக் காரணம் அதுதான். 49 மி.மீ.-இல் ஒரு என்டி8 (ஒளி குறைக்கும்) ஃபில்டர் மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்காக, ஒளியைக் குறைத்துவிடும். ஓடும் பொருளோடு கேமராவைத் திருப்பி எடுக்கும் பேனிங் அசைன்மென்ட்டுக்கும் அதே ஃபில்டர்தான் கைகொடுக்கும். வெயிலில் ஓடும் ஆட்டோவை 1/40-இல் எடுக்க ஃபில்டர் இல்லாமல் எஃப்/22-ஐயும் தாண்டிப் போக வேண்டியிருக்கும். எஃப்/11-க்கு மேல் போகப் போக படம் மழுங்கும். என்டி8 போட்டால் எஃப்/9-இல் முடிந்துவிடும்.

குறைந்த ஒளிக்கு இந்த லென்ஸ் அற்புதம் என்று எல்லோரும் சொல்வதில் பாதிதான் உண்மை. கார்த்திகை தீபத்தன்று முகத்திலிருந்து ஓரடிக்குள் பத்து அகல் வரிசையாக எரிந்தால் எஃப்/2, 1/60, ஐஎஸ்ஓ 800 போதும். ஒரே ஒரு அகல் என்றால் ஐஎஸ்ஓ 3200-ஐயும் தாண்டும். லென்ஸில் ஐஎஸ் (கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி) இல்லை என்பதால் ஷட்டரைக் குறைத்துச் சமாளிக்கவும் முடியாது. கையில் பிடித்து எடுக்க 1/80-க்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது, 1/60-இல் மூச்சடக்கி நாலைந்து எடுத்தால் ஒன்று தேறும். நிறத்துக்கு ரா-வில் (பின்னால் திருத்த வசதியான, பதப்படுத்தாத ஃபைலில்) எடுங்கள். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் படத்துக்குப் படம் மாறும், விளக்கொளியின் மஞ்சளைத் துடைத்தெடுக்கவும் பார்க்கும்.

இனி திருப்பி மாட்டும் வேலை. மேக்ரோ அசைன்மென்ட்டுக்குத் தனி லென்ஸ் தேவையில்லை, 49 மி.மீ.-இலிருந்து இஎஃப் மவுண்ட்டுக்கான ரிவர்ஸ் ரிங் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். நேராக மாட்டினால் இந்த லென்ஸின் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் 35 செ.மீ., உருப்பெருக்கம் 0.21. அதாவது ஃபிரேமில் பத்தரை செ.மீ. அகலம் விழும், புதிய பத்து ரூபாய் நோட்டு முழுதாக அடங்காது. திருப்பி மாட்டினால் உருப்பெருக்கம் ஒன்றை ஒட்டி வந்துவிடும். உங்கள் செட்டில் எவ்வளவு என்று தெரிய, பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து ஃபிரேமின் அகலத்தில் எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணி, சென்சாரின் அகலமான 22.3-ஐ அதனால் வகுங்கள். ரெக்கார்டில் இந்த எண்ணை எழுத வேண்டும். 'மேக்ரோ' என்று மட்டும் எழுதினால் கேள்வி வரும்.

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் அபெர்ச்சர், அதாவது இதழ்களால் சுருங்கி விரியும் லென்ஸ் திறப்பு. திருப்பி மாட்டியதும் லென்ஸுக்கும் பாடிக்கும் மின் தொடர்பு அறுந்துவிடும், இதழ்கள் முழுதாகத் திறந்தபடியே நிற்கும். அப்படியே எடுத்தால் எறும்பின் மீசை நுனி மட்டும் தெளிவாக இருக்கும். இதழ்களை எஃப்/8-இல் பூட்டும் வழி இது: லென்ஸை நேராக மாட்டி, மேனுவல் ஃபோகஸில் ரிங்கைச் சுற்றித் தொலைவுக்கு வையுங்கள். எம் (மேனுவல்) மோடில் எஃப்/8, ஷட்டர் பத்து விநாடி. மங்கலான அறையில், தூசி விழாதபடி கேமராவைக் குனிந்து பிடித்து, ஷட்டரை அழுத்துங்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே லென்ஸ் பொத்தானை அழுத்திக் கழற்றிவிடுங்கள். பின்பக்கம் பார்த்தால் இதழ்கள் சுருங்கிய நிலையில் நிற்கும். திரையில் எரர் வந்தால் அணைத்துப் போட்டால் போகும். டெப்த் பிரிவியூ பொத்தான் உள்ள பாடி என்றால் அதை அழுத்திப் பிடித்தபடி கழற்றினாலே போதும், பத்து விநாடி வேண்டாம். லென்ஸை மறுபடி நேராக மாட்டி கேமராவைப் போட்டால் இதழ்கள் திறந்துகொள்ளும்.

ரிங்கைத் தொலைவுக்கு வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்த லென்ஸில் ஃபோகஸ் முழுக்க மோட்டார் வழிதான். மின்சாரம் இல்லாமல் ரிங்கைச் சுற்றினால் உள்ளே எதுவும் நகராது. ஃபில்டர் மரை இருப்பது ஃபோகஸுக்காக முன்னும் பின்னும் போகும் உள் குழாயில். திருப்பி மாட்டும்போது லென்ஸின் மொத்த எடையும் அந்தக் குழாயில்தான் தொங்கும். அது உள்ளே அடங்கியிருந்தால் பாதிப்பு குறைவு. வெளியே நீண்டிருக்கும்போது ஓர் இடி பட்டால் மோட்டார் கியர் போய்விடும். ரிவர்ஸ் செட்டை மாட்டியபடி கேமராவைத் தோளில் போட்டு நடக்கவே கூடாது. வெளியே தெரியும் பின்பக்கக் கண்ணாடியில் விரல் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபோகஸ் இனி உங்கள் கையில்: பொருள், இப்போது வெளிப்பக்கம் இருக்கும் லென்ஸ் மவுண்ட்டிலிருந்து சுமார் 44 மி.மீ. தூரத்தில் இருந்தால்தான் தெளியும், அது மாறாது. எஃப்/8-இல் டெப்த் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். கேமராவை நகர்த்துவதைவிட, ட்ரைபாடில் அதை நிறுத்திவிட்டு, பொருளை ஒரு நோட்டின் மேல் வைத்து நோட்டை மெல்லத் தள்ளுவது எளிது. நாலு செ.மீ. இடைவெளியில் பாப்-அப் ஃபிளாஷ் அடித்தால் லென்ஸின் நிழல்தான் விழும். டார்ச்சுக்கு முன்னால் பட்டர் பேப்பர் பிடித்துப் பக்கவாட்டில் ஒளி கொடுங்கள். எஃப்/8 என்று பூட்டியிருந்தாலும் இந்த உருப்பெருக்கத்தில் சென்சாருக்கு எட்டும் ஒளி எஃப்/16 அளவுதான்; ஷட்டர் ஏன் இவ்வளவு இறங்குகிறது என்று குழம்ப வேண்டாம்.

பொக்கே (கலங்கி விழும் விளக்குப் புள்ளிகள்) வடிவ அசைன்மென்ட் பார்க்க விளையாட்டாக இருக்கும், சொதப்புவது அளவில். எஃப்/1.8-இல் இந்த லென்ஸின் திறப்பு சுமார் 28 மி.மீ. விட்டம். கறுப்பு சார்ட் பேப்பரில் வெட்டும் நட்சத்திரமோ இதயமோ அதைவிடப் பெரிதாக இருந்தால் வடிவமே வராது, வெறும் வட்டம்தான் வரும். 15 மி.மீ. சரியான அளவு, கிட்டத்தட்ட இரண்டு ஸ்டாப் ஒளி குறையும், அபெர்ச்சரை எஃப்/1.8-இலேயே விட வேண்டும். அட்டையை முன் கண்ணாடியை ஒட்டியே பொருத்துங்கள், தள்ளிப் போனால் ஃபிரேம் ஓரத்தில் வடிவங்கள் பாதி அறுந்து விழும். ஐந்து மீட்டர் தள்ளி சீரியல் லைட் தொங்கவிட்டு, ஒரு மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் ஒவ்வொரு வடிவமும் ஃபிரேம் அகலத்தில் நூற்றுக்கு மூன்று பங்குகூட இருக்காது. ஃபோகஸை அரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் அது இரண்டு மடங்குக்கும் மேல் பெரிதாகும். லைட்டைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருப்பதைவிட இதுதான் பலன் தரும். எழுத்து வெட்டுகிறீர்கள் என்றால், கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் நேராகப் படிக்கும்படி ஒட்டுங்கள். பின்னணி விளக்குகளில் எழுத்து நேராக வரும். ஃபோகஸுக்கு முன்னால் இருக்கும் விளக்குகளில் அதே எழுத்து தலைகீழாக விழும். ஒரே ஃபிரேமில் இரண்டையும் காட்டி, ஏன் என்று கதிர்ப்படம் வரைந்து வைத்தால் ரெக்கார்டுக்கு நல்ல பக்கம்.

தண்ணீர்த்துளிக்கு லென்ஸைவிட ஃபிளாஷ்தான் முக்கியம். 45 செ.மீ. உயரத்திலிருந்து விழும் துளி தண்ணீரைத் தொடும்போது விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இருக்கும். 1/200 ஷட்டரில் அது ஒன்றரை செ.மீ. நகர்ந்துவிடும், ஷட்டரால் உறையவைக்க முடியாது. மேனுவலில் 1/64 பவருக்கு இறக்கிய வெளி ஃபிளாஷ் விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தை ஒட்டித்தான் எரியும். அதற்குள் துளி 0.3 மி.மீ.-தான் நகரும். அறையை இருட்டாக்கி எஃப்/11, 1/160, ஐஎஸ்ஓ 400. மருந்துக்கடையில் கிடைக்கும் ட்ரிப் செட்டின் உருளையைத் திருகினால் துளி வேகம் கட்டுக்குள் வரும். துளி விழும் இடத்தில் பேனா முனையை வைத்து ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டுப் பேனாவை எடுத்துவிடுங்கள். ஃபிளாஷைத் தண்ணீரை நோக்கி வைக்காமல் ட்ரேவுக்குப் பின்னால் நிற்கும் வெள்ளைத் தெர்மாகோலை நோக்கி அடியுங்கள். துளியில் வெள்ளைப் பொட்டு விழாது. துளி கீழே வர 0.3 விநாடி ஆகிறது. கைக்கும் கேமராவுக்கும் ஆகும் தாமதமும் ஏறக்குறைய அவ்வளவே. ஆகவே குழாயை விட்டுக் கிளம்பும்போதே அழுத்த வேண்டும், தண்ணீரைத் தொடும்வரை காத்திருந்தால் வளையங்கள்தான் மிஞ்சும். வெளி ஃபிளாஷை இயக்கும் டிரிகர் வாங்குமுன் ஹாட் ஷூவை (கேமராவின் மேல் ஃபிளாஷ் மாட்டும் இடம்) பாருங்கள்: 200டி மார்க் 2 போன்ற சில பாடிகளில் நடு முனை கிடையாது, பொதுவான ஒற்றை முனை டிரிகர் அதில் எரியாது.

கழற்றிப் பிடித்துச் சாய்க்கும் ஃப்ரீலென்ஸிங் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொலைவுக்கு ஃபோகஸ் வைத்துக் கழற்றி, மவுண்ட்டை ஒட்டிப் பிடித்துச் சாய்த்தால் தெளிவான பட்டை குறுக்கே சாயும், ஓரத்தில் வெளிச்சம் கசியும். ஆயிரம் படத்தில் ஐந்து நன்றாக வரும். கடற்கரையில் செய்யாதீர்கள், சென்சாரில் உப்புத்தூசி ஒட்டினால் அந்தச் செமஸ்டர் முழுக்க வானத்தில் புள்ளி தெரியும். குறும்பட அசைன்மென்ட்டில் ஆட்டோஃபோகஸ் போட்டால் மோட்டார் சத்தம் கேமரா மைக்கில் ஏறும், வெளி ரெக்கார்டர் வேண்டும்.

சென்னையில் இந்த லென்ஸுக்கு உண்மையான எதிரி ஈரப்பதம். ஐப்பசி, கார்த்திகையில் கேமராப் பையிலேயே மூடி வைத்தால் கண்ணாடிக்குள் பூஞ்சை நூல் விடும். காற்றுப் புகாத டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சின்ன ஹைக்ரோமீட்டர். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்தால் போதும். ஜெல் நிறம் மாறினால் வறுத்து மீண்டும் போடலாம். அரிசிக்குள் புதைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள், தவிட்டுத்தூள்தான் உள்ளே போகும். இஎஸ்-68 ஹூட் (லென்ஸின் முன் மாட்டும் வெயில் மறைப்பு) அசையாத வெளிக்குழாயில் மாட்டுவதால் உள் குழாய்க்கும் அதுவே காப்பு. வெயில் இல்லாவிட்டாலும் போட்டே வைத்திருங்கள்.

பழையது வாங்குகிறவர்கள், அடுத்தடுத்து வரும் இரண்டு மாடல்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1990-இல் வந்த எஃப்/1.8 II-க்கு பிளாஸ்டிக் மவுண்ட், 52 மி.மீ. ஃபில்டர், ஐந்து இதழ். திறப்பைச் சுருக்கினால் பொக்கே ஐங்கோணமாக விழும், தெருவிளக்கில் பத்து முனை நட்சத்திரம் வரும். எஸ்டிஎம்-க்கு உலோக மவுண்ட், ஏழு இதழ், எஃப்/16-இல் பதினான்கு முனை. ரிவர்ஸ் ரிங்கும் என்டி ஃபில்டரும் இரண்டுக்கும் வேறு வேறு அளவு. கடையிலேயே டார்ச்சைப் பின்பக்கமிருந்து அடித்து நூல் போல ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். 35 செ.மீ.-க்கும் தொலைவுக்கும் மாற்றி மாற்றி ஃபோகஸ் ஓட விட்டு, உள் குழாய் எங்காவது திக்குகிறதா, சத்தம் மாறுகிறதா என்று கேளுங்கள். திக்கினால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம், ரிப்பேர் செலவு புது லென்ஸ் விலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.