டயர் காத்து வார்னிங்: வெளிய மாட்டுற சென்சாரா, உள்ள வைக்கிறதா?

முதல்லயே சொல்லிடுறேன், நான் வெளிய மாட்டுற கட்சி. மூணு வருஷமா என் கார்ல வால்வு மூடிக்கு பதிலா திருகுற சென்சார்தான், மச்சான் கார்ல டயருக்குள்ள வைக்கிற டைப். ரெண்டு பேரும் ஒரே மாசத்துல வாங்கினோம், எது உருப்படின்னு இன்னும் வாக்குவாதம் ஓயல.

கார் கம்பெனியே வச்சு குடுத்திருந்தா இந்த யோசனையே வேணாம். ஆனா அதுலயும் சில கார்ல டயர் காத்து சென்சாரே இருக்காது, ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது வீல் லாக் ஆகாம பாத்துக்குறது) வச்சே கணக்கு போடும், காத்து கொறஞ்ச டயரோட சுத்தளவு கொறையுறதால அந்த வீல் மத்ததைவிட கொஞ்சம் வேகமா சுத்தும்ல, அத வச்சு. நம்பர் காட்டாது, நாலு டயர்லயும் ஒரே மாதிரி எறங்குனா கோட்டை விட்டுரும். நான் பேசுறது நம்மளா வாங்கி மாட்டுற கிட் பத்தி.

டிஸ்ப்ளே, பீப் சத்தம், சோலார்ல சார்ஜ் ஆகுறது எல்லாம் ரெண்டுலயும் ஒண்ணுதான். நம்பரும் பங்க் மீட்டரோட ஒண்ணு ரெண்டு முன்னபின்ன இருக்கும், பெருசா எடுத்துக்க வேணாம். வெலை உள்ள வைக்கிறதுக்கு கூட, அதுபோக டயர கழட்டி மாட்டி பேலன்ஸிங் பண்ற கூலி தனி.

வார்னிங் எந்த அளவுல அடிக்கணும்னு நம்மளே செட் பண்ணிக்கலாம், இதுல ஒரு விஷயம். அமெரிக்காவுல 2007 செப்டம்பர்லேர்ந்து எல்லா புது கார்லயும் டயர் காத்து வார்னிங் கட்டாயம், ஆனா அங்க ரூல்படி 25 சதவீதம் கொறஞ்சா லைட் எரிஞ்சா போதும், அதாவது 33 பிஎஸ்ஐ (காத்து அழுத்தத்தோட அளவு) வைக்கிற டயர் 25க்கு பக்கத்துல வர்ற வரைக்கும் சும்மா இருக்கலாம். எனக்கு அது ரொம்ப லேட்டு, 28ல வச்சிருக்கேன். அப்படி வச்சதால ஆரம்பத்துல காலைல காலைல பீப் அடிச்சு பயமுறுத்துச்சு, பஞ்சர் கடைக்கு ஓடுனா ஒண்ணுமில்ல. மதியம் ஹைவேல ஓடி சூடான டயருக்கு 33 அடிச்சிருக்கேன், விடிகாலைல ஆறுனதும் 28க்கு எறங்கிருக்கு, அவ்ளோதான். 5, 6 டிகிரி கொறைஞ்சாலே 1 பிஎஸ்ஐ எறங்கும். ராத்திரி பூரா நின்ன வண்டிக்கு காலைல காத்து அடிங்க, டிரைவர் கதவு கிட்ட ஒட்டியிருக்க ஸ்டிக்கர்ல இருக்க நம்பருக்கு.

இப்ப வெளி சென்சாரோட குறை, மறைக்க விரும்பல. அத திருகுனதும் அது வால்வு பின்னை அமுக்கியே வச்சிருக்கும், அப்பத்தான் உள்ள இருக்க காத்த அளக்க முடியும். அப்ப காத்த தாங்குறது வால்வு இல்ல, சென்சாருக்குள்ள இருக்க சின்ன ரப்பர் வாஷர். எனக்கு பின்னாடி இடது டயர் மட்டும் ரெண்டு நாளைக்கு ஒருதரம் 33லேர்ந்து 28க்கு வந்துச்சு, ஆணி இல்ல, டயர தொட்டில முக்கி பாத்தும் குமிழி இல்ல, ரிம் ஓரத்துல லீக்கா இருக்கும்னு கழட்டி சுத்தம் பண்ணி காசும் வாங்கிட்டாங்க. மறுபடியும் அதே கதை. கடைசில வீட்லயே சென்சார் மேல சோப்பு தண்ணி ஊத்துனேன், பொடிப்பொடியா நுரை. வார்னிங் குடுக்க வாங்குனதே காத்த எறக்கிட்டு இருந்திருக்கு! கடைல முக்கும்போது சென்சார கழட்டி வச்சிட்டுதான் முக்குனாங்க, எப்படி தெரியும். வாஷர் மாத்துனதும் நின்னுருச்சு. அதனால ஒரே டயர் திரும்பத் திரும்ப எறங்குனா, மொதல்ல சென்சார கழட்டிட்டு சாதா மூடிய போட்டு ரெண்டு நாள் விட்டு பாருங்க, எறங்கலன்னா குத்தம் சென்சார்ல.

இவ்ளோ நடந்தும் நான் இதையே சொல்றதுக்கு காரணம் பேட்டரி. மத்த எல்லாம் அப்புறம்தான். என்னோடதுல வாட்ச் பேட்டரி மாதிரி 1632 பட்டன் செல், ஏறக்குறைய ஒன்றரை வருஷம் வந்துச்சு, கூட வந்த பிளாஸ்டிக் ஸ்பேனர்ல மூடிய திருகி மாத்திட்டேன், நாலுக்கும் சேத்து அரை மணி நேரம். ரப்பர் ரிங்க திரும்ப ஒழுங்கா உக்கார வைக்கணும், இல்லன்னா மழைத்தண்ணி போயிரும். உள்ள வைக்கிறதுல பேட்டரிய பிசின் ஊத்தி மூடியிருப்பாங்க, தீந்தா சென்சாரையே தூக்கிப்போட்டு புதுசு, அதுக்கு டயர ரிம்லேர்ந்து எறக்கணும், திரும்ப பேலன்ஸிங். டயர் மாத்துற நேரமும் பேட்டரி தீர்ற நேரமும் ஒண்ணா வந்தா சரி, வரணுமே. கார் கம்பெனி வைக்கிறது இன்னும் நெறைய வருஷம் தாங்கும்னு சொல்றாங்க, நான் பாத்தது மச்சானோட ஒரே ஒரு கிட்தான், அத வச்சு எல்லாத்தையும் திட்டக்கூடாது.

உள்ள வைக்கிறதுக்கு ஒரு பெரிய பிளஸ், பங்க்ல காத்து அடிக்க ஒண்ணையும் கழட்ட வேணாம். எனக்கு ஒவ்வொரு தடவையும் சென்சார யாரும் திருடாம இருக்க போடுற லாக் நட்ட லூசாக்கி, சென்சார திருகி, பின்னாடி நிக்கிறவர் ஹாரன் அடிக்க அடிக்க நாலும் பண்ணனும். பொறுமை போய் நட்ட கழட்டி வச்சிட்டேன், வண்டி வீட்டுக்குள்ள நிக்கிறதால இதுவரைக்கும் திருடு போகல, தெருவுல நிறுத்துறவங்க இத காப்பி அடிக்காதீங்க. சின்ன காத்து பம்பு ஒண்ணு வாங்கினதுலேர்ந்து பங்க் பக்கமே போறதில்ல.

மச்சானுக்கு போன மாசம் முன் வலது சென்சார் செத்துருச்சு. டயர்ல இன்னும் நல்லா பட்டன் (ரோட்ல படுற மேல்பக்க ரப்பர் கட்டை) தேயாம இருக்கு, இதுக்காக கழட்டணுமான்னு விட்டுட்டாரு. இப்ப மூணு டயருக்கு நம்பர், ஒண்ணுக்கு வெறும் கோடு, பீப் சத்தம் கேக்காம இருக்க ஸ்பீக்கர் ஓட்டை மேல டேப் ஒட்டியிருக்காரு.