நிக்கோடின் கம்: ஓர் அட்டையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

சிகரெட்டை விடுவதற்காக மெடிக்கல் ஷாப்பில் 2 மி.கி. நிக்கோடின் கம் ஓர் அட்டை வாங்கி, இரண்டு நாள் மென்றுவிட்டு, "விக்கல்தான் வந்துச்சு, தம் நிக்கல" என்று மேஜை டிராயரில் போட்டவர்கள் ஏராளம். விக்கல் வந்தது உண்மைதான். பெரும்பாலும் அது மென்ற விதத்தால் வருவது.

பெயரில் கம் என்று இருப்பதுதான் வம்பு. சூயிங்கம் போல விடாமல் மென்றால் நிக்கோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் இறங்கிவிடும். அங்கிருந்து கல்லீரலுக்குப் போய்ப் பெரும்பகுதி சிதைந்துபோகும். மூளைக்கு எட்டுவது சொற்பம். நமக்கு மிஞ்சுவது விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல். நிக்கோடின் ஏற வேண்டிய இடம் கன்னத்தின் உட்பக்கம். அதனால் மெதுவாகப் பத்துப் பதினைந்து கடி போதும். நாக்கில் மிளகு பட்ட மாதிரி சுரீரென்றதும் நிறுத்திவிட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி அடக்கிக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடம் போல ஆனதும் காரம் அடங்கும். மறுபடி சில கடி, இந்த முறை அடுத்த கன்னம். இப்படியே அரை மணி நேரம். வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபட்டுவிடும்.

இரண்டாவது தப்பு டீக்கடையில் நடக்கிறது. வாயில் புளிப்புத்தன்மை இருந்தால் நிக்கோடின் உட்தோல் வழியாக ஏறாது. காபி, கோலா, எலுமிச்சை ஜூஸ் குடித்துப் பதினைந்து நிமிடம் ஆகும்வரை கம்மைத் தொடக்கூடாது. வாயில் கம் இருக்கும்போது எதையும் குடிக்கவும் கூடாது. டீயையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுவது நல்லது. டீயும் தம்மும் ஜோடியாகவே பழகியவருக்கு இது பெரிய இடைஞ்சல்தான். அவருக்கு ஒத்துவரும் வரிசை: முதலில் கம்மை முடித்துவிட்டு அப்புறம் டீ. அதுவும் முதல் இரண்டு வாரம் பெட்டிக்கடை ஒட்டாத டீக்கடையில், அல்லது வீட்டில். சில்லறையாக ஒன்று கையில் கிடைக்கிற இடத்தில் நின்றுகொண்டு மனவுறுதியைச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை.

மூன்றாவது, நேரக் கணக்கு. சிகரெட் புகையிலுள்ள நிக்கோடின் பத்து, இருபது விநாடியில் மூளைக்குப் போய்விடும். கம் உச்சத்துக்கு வர இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஆசை முற்றிய பிறகு கம்மைத் தேடினால் அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் கை சிகரெட்டுக்குப் போயிருக்கும். எனவே தோன்றும்போது என்று வைக்காமல் கடிகாரம் பார்த்துப் போட வேண்டும்: முதல் ஆறு வாரம் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கம், ஏழு முதல் ஒன்பதாம் வாரம் வரை இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, பத்து முதல் பன்னிரண்டாம் வாரம் வரை நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஒரு நாளில் 24-ஐத் தாண்டக்கூடாது. நடைமுறையில் யாரும் தாண்டுவதில்லை, குறைத்துப் போட்டுத்தான் தோற்கிறார்கள். முதல் கட்டத்தில் நாளுக்கு 10, அடுத்து 5, கடைசியில் 3 என்று வைத்தால்கூட மொத்தம் 588 வரும். பத்து உள்ள அட்டை என்றால் 59 அட்டை. டிராயரில் கிடக்கிற அந்த ஒன்றை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தூங்கி எழுந்த அரை மணிக்குள் முதல் தம் அடிப்பவருக்கு 2 மி.கி. போதாது, 4 மி.கி. வேண்டும். அதற்கு டாக்டர் சீட்டு தேவை. எப்படியும் டாக்டரைப் பார்க்கப் போவதால் தோலில் ஒட்டும் நிக்கோடின் பேட்ச் பற்றியும் கேட்டுவிடுங்கள். நாளுக்குப் பத்து சிகரெட்டுக்கு மேல் என்றால் வழக்கமான முறை 21 மி.கி. ஆறு வாரம், பிறகு 14, 7 என்று தலா இரண்டு வாரம். பேட்ச் உடம்பில் நிக்கோடினின் அடிமட்ட அளவைத் தாங்கும், கம் திடீர் ஆசையைச் சமாளிக்கும். இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாக எடுப்பதைவிடப் பலன் அதிகம் என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம். நம் ஊர் வெயிலுக்கு பேட்ச் வியர்வையில் பெயரும். குளித்து நன்றாகத் துடைத்த பிறகு, முடியில்லாத மேல்கையில் வைத்துப் பத்து விநாடி அழுத்த வேண்டும். தினமும் இடம் மாற்றாவிட்டால் அரிக்கும். கெட்ட கனவு வந்தால் படுக்கும்முன் கழற்றிவிடலாம்.

பலரும் கவனிக்காத ஒன்று காபி. சிகரெட் புகையிலுள்ள தார், காஃபினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டி வைத்திருக்கும். புகை நின்றதும் அந்தத் தூண்டல் போய்விடும். அதே இரண்டு டம்ளர் ஃபில்டர் காபி இப்போது கூடுதல் நேரம் உடம்பில் நிற்கும். முதல் வாரத்துப் படபடப்பிலும் தூக்கமின்மையிலும் ஒரு பங்கு இதனால் வருவது. காபியைப் பாதியாக்குங்கள். ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் கலந்த மாத்திரை சாப்பிடுபவர்களும், மனநல சிகிச்சையில் குளோசபின், ஒலான்சபின் எடுப்பவர்களும் நிறுத்தும் தேதியை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த மருந்துகளின் அளவும் ரத்தத்தில் இதே காரணத்தால் ஏறும். கம் போட்டாலும் இது மாறாது. நொதியைத் தூண்டியது நிக்கோடின் இல்லையே, புகைதானே. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் கம் தொடங்க வேண்டாம்.

கட்டிய பல் இருந்தால் கம் ஒட்டி இழுக்கும், தாடை மூட்டு வலியும் வரும். சப்பும் நிக்கோடின் வில்லை இவர்களுக்குச் சரி. கம்மும் பேட்சும் ஒத்துவராதவர்களுக்கு வாரெனிக்ளின் மாத்திரை உண்டு: நிறுத்தும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கிப் பன்னிரண்டு வாரம், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். இ-சிகரெட் இந்தியாவில் 2019 முதல் தடை, அந்தப் பேச்சே வேண்டாம்.

உடம்பின் போராட்டம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் தணியும். பசி மட்டும் நீளும். முதல் வருடத்தில் நான்கைந்து கிலோ ஏறுவது சகஜம். மூன்றாம் மாதத்துக்குப் பிறகு சறுக்குவது வேறு இடங்களில்: சரக்கு அடிக்கும் இரவு, வெற்றிலையோடு பீடியும் தட்டில் வரும் துக்க வீடு. பன்னிரண்டு வாரம் முடிந்த பிறகும் சட்டைப் பையில் இரண்டு கம் இருக்கட்டும். ஒரு தம் அடித்துவிட்டால் கம்மை நிறுத்தாமல், விட்ட வாரத்திலிருந்தே தொடருங்கள். பேச்சுத்துணை வேண்டுமானால் சிகரெட் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் தேசிய இலவச எண் 1800 11 2356.

கம்மையே விட முடியாமல் ஆறு மாதம் தாண்டுபவர்களும் உண்டு. புகையோடு ஒப்பிட்டால் அது சிறிய தொல்லை. கத்தியால் பாதியாக நறுக்கி, ஒன்றுவிட்டு ஒன்று சர்க்கரையில்லாத சாதா சூயிங்கம் போட்டு வந்தால் குறைந்துவிடும். மென்று முடித்ததில் நிக்கோடின் இன்னும் மிச்சமிருக்கும். குழந்தையோ நாயோ எடுக்காதபடி காகிதத்தில் மடித்துப் போடுங்கள்.